தகரக் கொட்டகையில் வளர்ந்த கொசு

ஹலோ… ஹலோ, சார்… அப்பாடா, மூணாவது தடவைக்கு எடுத்தீங்களே. வண்டி வந்துடுச்சா அங்க?… வந்துடுச்சா. பெட்டியை யாரும் திறக்கலையே?… சரி. திறக்க வேணாம். அதைச் சொல்லத்தான் கூப்பிடுறேன்.

ஆமா… ஆமா… தெரியுது, மேடை போட்டாச்சு, ஆளுங்க வந்தாச்சு, கேமரா வந்தாச்சு. நீங்க புதுச் சட்டை போட்டிருக்கீங்க, அதுவும் தெரியும், அக்கா காலையிலேயே சொல்லிட்டா. இருந்தாலும் திறக்க வேணாம்… ஏனா? டெஸ்ட் முடிவு வந்திருக்கு. இருபது கொசுவை அரைச்சுப் பார்த்தோம். பதினேழுல கிருமி இல்லை.

… நல்லதுதானேவா?

சார், ஒரு நிமிஷம், நான் உக்காந்துக்கறேன்… ம். இந்தக் கொசுத் திட்டத்துக்கு நீங்க அதிகாரியா வந்து ஒன்பது மாசம் ஆகுது… ஆமா சார், பொதுவா கிருமி இல்லைன்னா நல்லதுதான். உங்க கைக்குட்டையில இல்லைன்னா நல்லது. நாம வளர்க்கிற கொசுவுக்குள்ள இருக்கணும். அதுக்குத்தான் நமக்குச் சம்பளம். அந்தக் கிருமி உள்ள குடியிருந்தா, காய்ச்சல் கிருமி அங்க தலைதூக்க முடியாது. கொசு கடிச்சா அரிக்கும், அதோட சரி. கிருமி இல்லைன்னா அது வெறும் கொசு. தெருவுல ஏற்கெனவே பறக்கிற அதே கொசு. அதுல எட்டாயிரத்தை நாமளே பெட்டியில போட்டுக் கொண்டுபோய் விடுறோம். எங்க? பதினோரு வீட்டுல காய்ச்சலா படுத்திருக்கிற தெருவுல.

… கிருமி எப்படிப் போச்சுன்னு என்னையே கேக்குறீங்களா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?… சரி, நானே சொல்றேன். நான் நாலு நாள் லீவுல இருந்தேன்… எதுக்கா? உங்க பொண்டாட்டிக்கு ஆபரேஷன் சார். 'நீ உங்க அக்காவைப் பாத்துக்கோ, நான் கொசுவைப் பாத்துக்கறேன்'னு சொல்லி நீங்கதான் அனுப்பினீங்க. நல்லாப் பாத்துக்கிட்டீங்க. தலைமை ஆபீஸ்லேர்ந்து பார்வையிட வந்தவங்களுக்கு வேர்க்குதுன்னு, கொசுப்புழு வளர்ற தட்டு எல்லாத்தையும் ஏசி ரூம்லேர்ந்து தூக்கி, பின்னாடி சைக்கிள் விடுற தகரக் கொட்டகையில அடுக்கிட்டு, அந்த ரூம்ல அவங்களுக்கு நாற்காலி போட்டீங்க.

… காத்தோட்டமான இடமா. நான் வந்து தட்டுத் தண்ணியில விரல் வெச்சேன், குளிக்கிறதுக்குக் காய வெச்ச மாதிரி இருந்துச்சு. புழு செத்துத் தொலைச்சிருந்தாக்கூட நிம்மதி. சாகலை. அது சூட்டைத் தாங்கிடும், உள்ள இருக்கிற கிருமி தாங்காது… இல்ல சார், தண்ணி ஆறினதும் அது தானா திரும்பி வராது. தாய்க்கொசுகிட்டேர்ந்து முட்டை வழியா வர்றது அது, கடையில வாங்கி ஊத்துறது இல்ல.

ம்… ம்… அன்னிக்கே சொன்னேனே. டெஸ்ட் பண்ணாம விடக்கூடாதுன்னு உங்க மேஜை முன்னாடி நின்னு சொன்னேன். 'பாரு, எல்லாம் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு'ன்னீங்க. சம்பந்தம் பேச வந்த மாதிரி.

… இத்தனூண்டு பூச்சிக்கு இவ்வளவு பவிசான்னா, ஆமா, இவ்வளவு பவிசுதான். மரத்தைத் திங்கிற கறையான்கூட வயித்துக்குள்ள இருக்கிற கிருமி தயவுலதான் அதைச் செரிக்குது. எந்தத் தண்ணியில பொறந்துச்சு, எவ்வளவு சூட்டுல வளர்ந்துச்சு, உள்ள யாரு குடியிருந்தா, எல்லாம் சேர்ந்ததுதான் பூச்சி. இறக்கை முளைச்சப்புறம் ஆர்டர் போட்டுத் திருத்த முடியாது.

… என் கையெழுத்தா? கொசுவை விடலாம்னு சொல்ற படிவத்துல நான் கையெழுத்துப் போடலை… நீங்களே போட்டுட்டீங்களா. சந்தோஷம்.

… இப்ப என்ன, 'சின்னக்குட்டி'யா? ஆபீஸ்ல சார்னுதான் கூப்பிடணும்னு முதல் நாளே சொன்னது யாரு?… வேலை போயிடுமா. யாருக்கு, எனக்கா உங்களுக்கா?… சரி, எனக்கே போகட்டும். நீங்க மேடையில ஏறி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. புதுசா வளர்க்க மூணு வாரம் ஆகும், அப்புறம் விடுறோம்னு… ஏன் முடியாது?… மந்திரி கிளம்பிட்டாரா, அவரைத் திருப்பி அனுப்ப முடியாதா… ம்… ம்… நாலே நாலு பெட்டி மட்டும், போட்டோவுக்கு…

… என்ன சொன்னீங்க?

யாருக்குத் தெரியப்போகுதுன்னா சொன்னீங்க?

அத்தான். உங்க வீட்டுல நான் பத்து வருஷம் சாப்பிட்டிருக்கேன், அதனால இத்தனை நேரம் சிரிச்சுக்கிட்டே பேசினேன். இப்பக் கேளுங்க. டெஸ்ட் முடிவு வந்து ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டேன், கட் பண்ணீங்க. வண்டியை நிறுத்தினா, வேற ஆளை அனுப்பி ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க. அதனால நிறுத்தலை. பெட்டியை மாத்திட்டேன்… ஆமா… ஆமா, நாப்பதும். கொசு எல்லாம் ஃப்ரீசர்ல இருக்கு, இந்நேரம் விறைச்சிருக்கும். உங்ககிட்ட இருக்கிறது காலிப் பெட்டி… டிரைவர் அண்ணனைத் திட்டாதீங்க, அவருக்குத் தெரியாது. கொசு இருந்தாலும் இல்லாட்டியும் பெட்டி ஒரே கனம்தானே.

… கத்தாதீங்க. என்ன சத்தம் அது, கைதட்டலா?… அவர் வந்துட்டாரா?… திறந்தே ஆச்சா? உள்ள எட்டிப் பாக்குறாரா?… பெட்டியைத் தட்டுறாரா, பாவம்… கேக்கலை அத்தான், அங்க ஒரே இரைச்சல்… நான் பேசுறது உங்களுக்கும் கேக்கலையா? சத்தமாப் பேசறேன். என்னமோ பண்ணுங்க, ஆனா கொசு பறந்து போயிடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கும்…

… இருங்க. என் குரல் எனக்கே திரும்பக் கேக்குதே. போனை ஸ்பீக்கர்ல போட்டீங்களா?… கையில மைக்கா வெச்சிருக்கீங்க?… எத்தனை பேர் இருக்காங்க அங்க?

… அமைதியாயிட்டாங்களே.

எல்லாருக்கும் வணக்கம். நான் கொசு வளர்க்கிற ரூம்லேர்ந்து பேசறேன். தண்ணித் தொட்டியை மூடி வைங்க, காய்ச்சல் வந்தா உடனே டாக்டர்கிட்டப் போங்க. இன்னிக்கு உங்க தெருவுல நாங்க கொசு விடலை, ஏன்னா எங்க சார் போன மாசம் அதுங்களைத் தூக்கி…

ஹலோ?