கம்பி கீச்சிட்ட இடம்

மாலை நாலு மணி. டிசம்பர் என்பதால் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் அதற்குள் இருட்டு. கம்பளி ஆலைக்குளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஈரக் கம்பளி நாற்றம்... என் கூட்டாளி டெரிக்கின் மச்சான் வில்ஃப், கோட்டுக்குள் ஒரு பழைய இசைத்தட்டை மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தான். காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் யார் கண்ணிலும் படக் கூடாதென்று பயம்.

நெருப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊர் பப்பின் மாடியில் வியாழன்தோறும் பாட்டுக் கூட்டம். ஒருவருடைய பாட்டை, அவர் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவர் தொடக் கூடாது. எழுதி வைத்த சட்டமில்லை. மீறியவன் மறுபடி படியேற முடியாது, அவ்வளவுதான். ரோலண்ட் கெட்டில்வெல்லின் பாட்டு ‘கறுத்த தண்ணீர்’. எட்டு வருடத்துக்கு முன் இசைத்தட்டில் வந்து நாடே முணுமுணுத்தது. அதற்குக் கித்தாரைச் சுருதி கூட்டும்போது, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மனிதர் முதுகைத் திருப்பிக்கொள்வார்.

வில்ஃப் தபால்காரன். அந்தப் பாட்டின் மேல் பைத்தியம். ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டான்.

“அண்ணே, அந்தச் சுருதியை மட்டும் சொல்லிக் குடுங்களேன்.”

“டேய் தபால்காரா, உன் கைக்கு லெட்டர் பொறுக்கத்தான்டா வரும். நான் செத்தப்புறம் வாசிச்சுக்கோ. அப்பவும் உனக்கு வராது!”

மாடியே சிரித்தது. வில்ஃபும் சிரித்தான். அவமானத்தை மட்டும் மறக்கவில்லை.

அதனால்தான் இசைத்தட்டு. கித்தார் பழகுகிறவர்கள் செய்வதைத்தான் அவனும் செய்தான். தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துக் கேட்டான். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் விரல் வழுக்கி ஒரு ‘கீச்’ வரும். கேட்டவர்கள் எல்லாருக்கும் பழகிய சத்தம். அதைப் பாதி வேகத்தில் கேட்டான்...

கம்பிச் சத்தம் இல்லை. பெண் குரல். குளிரில் பல் கிட்டிப்போன குரல்.

“ரோலி... கையைக் குடு.”

மொய்ரா சக்டன். ரோலண்டோடு சேர்ந்து பாடியவள், அவரை ‘ரோலி’ என்று கூப்பிட்டவள். ஆலைக்குளத்தில் மூழ்கிப் போனாள். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று ரோலண்ட் விசாரணையில் சொல்லியிருந்தார். பாட்டு பதிவானது ஏப்ரலில். அவள் மூழ்கியது அதற்கு ஆறு மாதம் கழித்து, அக்டோபரில்.

வில்ஃபுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்... சந்தோஷம் வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூன்று வாரம், விரல் நுனியில் ரத்தம் கட்டும்வரை பழகினான். தட்டில் இருப்பது அத்தனையும் அப்படியே வர வேண்டும். அந்தக் கீச்சும்.

ஜனவரியில் ஒரு வியாழன். செயலாளர் மேவிஸ் வழக்கம்போலப் பாட்டுகளைப் பதிவு செய்ய ஸ்பூல் டேப்பை ஓடவிட்டாள். வில்ஃப் ரோலண்டுக்கு எதிரே போய் உட்கார்ந்து, ‘கறுத்த தண்ணீர்’ ஆரம்பித்தான். பியர் கிளாஸ் ஒன்றை யாரோ மெல்லக் கீழே வைத்த சத்தம்... மூன்றாவது சரணம். கம்பி கீச்சிட்டது. வில்ஃப் நிமிர்ந்து, ரோலண்டைப் பார்த்து, கொஞ்சலாகச் சொன்னான்.

“ரோலி... கையைக் குடு.”

ரோலண்டின் முகம் சாம்பலாயிற்று. கோட்டைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

வில்ஃப் பின்னாலேயே போனான். அவர் அழுவதைப் பார்க்க ஆசை. குளக்கரையில் உறைபனி. திடீரென்று கல் சரியும் சத்தம், ‘தொபுக்’கென்று ஒரு சத்தம். ரோலண்ட் தண்ணீரில். வழுக்கும் கல்லை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

“வில்ஃப்... கையைக் குடு.”

எட்டினால் பிடித்துவிடலாம். வில்ஃபின் இரண்டு கையும் கோட்டுப் பையில் இருந்தன. உயிரோடு இருக்கும்வரை தொடக் கூடாது... அது மட்டும்தான் மனதில் ஓடியது. கைகளை வெளியே எடுக்கவில்லை. பிறாண்டும் சத்தம் நின்றபிறகு வீட்டுக்குப் போனான்.

குடிவெறியில் வழுக்கி விழுந்தார் என்று ஊர் முடிவு கட்டியது. ஆள் செத்தபிறகு சட்டத்தை மீறியதை யாரும் கிளறவில்லை; ரோலண்டின் நாற்காலி வில்ஃபுக்கு வந்தது. பாட்டும்.

ஒரு மாதம் கழித்து மேவிஸிடம் அந்த டேப்பை வாங்கிப் போனான். தன் வாசிப்பைத் தானே ரசிக்கத்தான். டெரிக்கும் கூட இருந்தான். மூன்றாவது சரணம் வந்தது. வில்ஃபின் விரல் தானாகப் போய் வேகத்தைப் பாதியாக்கியது. பப்பில், எல்லார் நடுவிலும், ரோலண்ட் காய்ந்த சட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தபோது பதிவான டேப் அது.

“வில்ஃப்... கையைக் குடு.”

நகம் கல்லில் பிறாண்டும் சத்தமும் இருந்தது.

அன்றைக்கே டெரிக்கிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆனால் வாசிப்பதை மட்டும் விடவில்லை, அவனால் முடியவில்லை. இப்போதும் வியாழக்கிழமை வாசிக்கிறான். நான் போய்ப் பார்த்தேன். மூன்றாவது சரணம் வரும்போது, கீச்சு வராமலிருக்க, இடக்கையைக் கம்பியிலிருந்து முழுசாக எடுத்து அக்குளுக்குள் செருகிக்கொள்கிறான்.

கம்பி கீச்சிடுகிறது.