வேப்பிலை கட்டிய குடிசை

ஓடுகிறோம். 1962. சிலுவைப்பாடுகளை நினைக்கும் தபசு காலத்து வெள்ளிக்கிழமை. சுரங்கத்தில் வெடி வைக்கப்போகும் சங்கு ஊதுகிறது. நாங்கள் வெடிக்குப் பயந்து ஓடவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களான எங்கள் குடிசைகளில் பெரியம்மை. நேற்று இரண்டு பிணம். பண்ருட்டிக்குப் போகிற லாரி ரோட்டில் நிற்கிறது. தட்டுமுட்டுச் சாமானும் பிள்ளைகளுமாக முட்டி மோதி ஏறுகிறோம்.

போன மாதம் அம்மைத் தடுப்பூசி குத்த ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பயந்து எல்லோருமே முந்திரிக்காட்டில் ஒளிந்துகொண்டோம். இப்போது ஒளிய இடமில்லை.

லாரி நகர்கிறது. அப்போதுதான் பார்க்கிறேன். அஞ்சலையின் குடிசை வாசலில் அவள் மகள் செல்வி. மூன்று வயசு. தனியாக நிற்கிறாள். அஞ்சலை என்னோடு மண் சுமந்தவள். புருஷன் இல்லை. உள்ளே அம்மை கண்டு கிடக்கிறாள். தெரிந்தேதான் விட்டுவிட்டு ஏறியிருந்தோம்.

"நிறுத்துங்க!"

லாரி நிற்கவில்லை. லாரியில் இருந்த எங்கள் மாதா கோயில் உபதேசியார் கத்தினார்: "உக்காரும்மா! ஆண்டவரு புத்தியும் குடுத்திருக்காரு!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிலுவையில தொங்குனவருக்கு அந்தப் புத்தி இல்லீங்களா?" என்று கத்திவிட்டுக் குதித்தேன். முட்டித் தோல் பெயர்ந்தது.

பின்னால் தொப்பென்று இன்னொரு சத்தம். என் புருஷன் சவரிமுத்து. கரப்பான் பூச்சிக்கே பயப்படுகிற மனுஷன். அடுத்த மாதம் சுரங்க வேலை பெர்மனென்ட் ஆகிவிடும் என்று புதுச் சட்டை தைத்து வைத்திருந்தவர். புழுதியைத் தட்டிக்கொண்டே திட்டினார்: "உன்னக் கட்டிக்கினதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

அஞ்சலையின் குடிசைக்குள் போனோம். வாசலில் வேப்பிலைக் கொத்தை நான்தான் கட்டினேன். வேப்பிலையைப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் எவனும் உள்ளே வர மாட்டான். எழுதி ஒட்டினால் அங்கே யாருக்குப் படிக்கத் தெரியும்?

அஞ்சலை ஒரு வாரம் கிடந்தாள். இளநீரை இறக்கினால் தொண்டை அடைத்தது. போய்விட்டாள். சவரிமுத்துதான் குழி வெட்டினார். அதற்கப்புறம் அவருக்குக் காய்ச்சல். அதே வாரம் எனக்கும். செல்விக்குச் சில கொப்புளங்கள் போட்டன, தணிந்தன. எனக்கும் வற்றத் தொடங்கியது. அவருக்கு வற்றவில்லை.

அவர் செத்த அன்று, ஓடிப்போனவர்கள் திரும்பியிருந்தார்கள். செபம் சொல்ல உபதேசியாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார். ரோட்டிலேயே நின்றார்.

"வேப்பில கட்டுன வூட்டுக்கு செபம் கெடையாது! நீ மாரியாத்தா பக்கம் போய்ட்ட!"

"சாமிக்குக் கட்டலீங்க! தெரியாம யாரும் உள்ள வந்து சாகக் கூடாதுன்னு கட்டுனேன்!"

அவர் திரும்பி நடந்தார். போகட்டும். முன்பே அம்மை போட்டுப் பிழைத்த இரண்டு பேர் பிணத்தைத் தூக்கினார்கள். இருவருமே எங்கள் வேதக்காரர்கள் இல்லை. செபத்தை நானே சொன்னேன். உரக்கச் சொன்னேன். ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

இழந்ததைச் சொல்கிறேன். மறக்காதீர்கள்.

அஞ்சலை. அம்மை கொண்டுபோன என் இடது கண். இரண்டு பேரையும் புதைத்த மேடு; பின்னால் சுரங்கம் விரிந்தபோது அதுவும் போனது, சிலுவை நட ஒரு சாண் மண் மிஞ்சவில்லை. செல்வி இருக்கிறாள். என்னை அம்மா என்கிறாள்.

சவரிமுத்து. புருஷனை நீதான் சாகடித்தாய் என்று இன்றைக்கும் என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நான் அவரைக் கூப்பிடவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயந்த மனுஷன், தானாகக் குதித்தார். என்னைத் திட்டுவதற்காக அந்தக் குதிப்பை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.