வெள்ளிக்கிழமைத் தேதி

எங்கள் பள்ளி லேபில் ஆறு கம்ப்யூட்டர்களிலும் தேதியை நினைவில் வைக்கும் பாட்டரி செத்துப்போயிருந்தது. காலையில் போட்டால் ஆறும் 1980 ஜனவரி ஒன்று என்று காட்டும். சுவர்க் காலண்டரைப் பார்த்து அன்றன்றைய தேதியை மாற்றிவைப்பது பத்தாம் வகுப்பு ஜோதியின் வேலை. ஒருநாளும் மறந்ததில்லை.

2002-இல், வாணியம்பாடியில், நான் வெப் பேஜ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு ரோஜாப் படத்தைப் போட்டுத் தங்கள் பெயரைக் குறுக்கே ஓடவிடுவார்கள். என் மகள் ஜெனிஃபாவும் அதே வகுப்பு, அதே ரோஜா. ஜோதி மட்டும் பஸ் ஸ்டாண்டில் நின்று நேரம் குறித்துவந்து, ஊர்ப் பெயரைத் தட்டினால் பஸ் நேரம் வரும்படி செய்திருந்தாள்.

மாவட்ட வெப் பேஜ் போட்டியில் ஜெயித்தால் வேலூரில் டிப்ளமோ இலவசம். ஜோதியின் அம்மா சம்பூர்ணம் டேனரியில் தோல் காயவைப்பவள். அந்த இடம் கிடைக்காவிட்டால் மகளும் அங்கேதான் போவாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பெற்றவன் தன் பிள்ளைக்குத்தானே முதலில் பார்ப்பான்.

லேபில் யாரும் இல்லாதபோது, கம்ப்யூட்டரில், ஜோதி தன் பக்கத்தைச் சேமித்த நாளுக்கு நான்கு நாள் முந்தைய தேதியை வைத்தேன். ஞாயிறாக இருந்துவிடக் கூடாது என்று கிழமையையும் பார்த்துக்கொண்டேன். அவள் பக்கத்தைத் திறந்து, பெயரை மட்டும் ஜெனிஃபா என்று மாற்றிச் சேமித்தேன். பிறகு ஹெட்மாஸ்டர் அப்துல் வஹீத் சாரிடம் போய், ஜெனிஃபாவுடையதை ஜோதி காப்பியடித்துவிட்டாள் என்று வருத்தத்தோடு சொன்னேன்.

அவர் எல்லோரையும் கூப்பிட்டு, இரண்டு பக்கங்களும் சேமிக்கப்பட்ட தேதிகளைப் பார்த்தார். ஜோதியும் எட்டிப் பார்த்தாள்.

"சார், இது வெள்ளிக்கெழம. அன்னிக்கு நம்ம ஸ்கூலே கெடையாதே."

முஸ்லிம் நிர்வாகப் பள்ளி. வெள்ளி விடுமுறை, ஞாயிறு வகுப்பு. எட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தும், சர்ச்சுக்குப் போகிறவன் புத்தி ஞாயிற்றுக்கிழமையை மட்டுமே லீவாக நினைத்திருக்கிறது.

"இன்னா தேவானந்தம் இது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அன்னிக்கு எம் பொண்ணுக்குத் தனியா கிளாஸ் எடுத்தேன் சார். சாவி என்கிட்டதானே இருக்குது."

"அப்படியாம்மா?" என்று ஜெனிஃபாவைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமா சார்" என்றாள். ஹெட்மாஸ்டர் அவள் பெயரையே போட்டிக்கு அனுப்பினார்.

ஜோதி அழவில்லை. மறுவாரம் பள்ளிக்கு வரவில்லை. பிறகு டேனரி வாசலில்தான் பார்த்தேன், வணக்கம் வைத்தாள். ஜெனிஃபா ஜெயித்தாள், ஆனால் டிப்ளமோவில் சேரவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரை அவள் தொடுவதே இல்லை.

திருடியது நான்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திரையில் தெரியாமல் குறிப்பு எழுதும் முறையை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஜோதி செய்த பக்கத்தின் கடைசியில் அப்படி ஒரு வரி இருந்தது: "இதைக் கற்றுத்தந்தவர் எங்கள் தேவானந்தம் சார்." பெயரை மாற்றும்போதே அதைப் படித்தேன். அந்த வரியை நான் அழிக்கவில்லை. அது உண்மைதானே.