நாமதானே கழட்டினோம்

மன்றத்தின் மாண்பைத் தம் மௌனத்தாலேயே காத்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! மணியை இப்போதே கையில் எடுத்துவிட்டீர்களே ஐயா, இன்னும் வணக்கமே முடியவில்லை! முன்வரிசையில் அமர்ந்து முகம் பார்த்தே மதிப்பெண் போடும் பெரியோர்களே! பகலெல்லாம் சலவைக்கூடத்தில் நின்று, பொழுது சாய்ந்தால் சமையலறையில் நின்று, நாற்காலி என்ற ஒன்றை இப்போதுதான் கண்ணால் கண்டிருக்கும் தாய்மார்களே! தோள் கொடுக்கத் தயங்காத தோழர்களே! பேச்சு பிடித்தால் உள்ளே வரலாம், பிடிக்காவிட்டால் நழுவிவிடலாம் என்று கதவோரம் நிற்கும் நண்பர்களே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

என்னை அறிமுகம் செய்தவர் 'மடிப்பு மேசையின் ஒலிபெருக்கி' என்றார். பட்டப்பெயர்தான், பரவாயில்லை. விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகளையும் துண்டுகளையும் மடித்து அடுக்குவது என் வேலை. கை மடிக்கும், வாய் மடங்காது. எனக்கு இன்று கொடுக்கப்பட்ட தலைப்பு 'இணையவழிக் கல்வியின் இன்றியமையாமை'. அழகான தலைப்பு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே அதை மரியாதையாக ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒரு பெண்ணின் வேலையைப் பறித்த சொல். பறித்ததைத் திருப்பித் தந்ததும் அதே சொல்தான்.

யார் அந்தப் பெண்? என் கணவரின் தங்கை, என் நாத்தனார். ஆகா, நாத்தனார் என்றதும் தாய்மார்கள் பக்கம் ஒரு சலசலப்பு! பொறுங்கள், அவளும் இங்கேதான் இருக்கிறாள். தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டிருப்பவள்தான். நிமிர்ந்து உட்காரடி, உன் கதைதான்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன புதிது. துவைத்த துண்டை நான்காக மடித்து அலமாரியில் வைத்தேன். இவள் வந்தாள், எடுத்தாள், உதறினாள், மூன்றாக மடித்தாள். "அண்ணி, எங்க வீட்டுல நாங்க இப்படித்தான் மடிப்போம்" என்றாள். குரலில் கோபம் உண்டா? இல்லை. வார்த்தையில் வசை உண்டா? இல்லவே இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது, எந்த இடத்தில் முள் இருந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு படிப்பே தேவைப்பட்டது. அன்று முதல் அவளும் நானும் ஒரே வீடு, ஒரே சலவைக்கூடம், ஆனால் பேச்சு மட்டும் அளவோடுதான்.

அவள் நின்றது உருளை இஸ்திரி இயந்திரத்தில். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால், கொதிக்கும் உருளைகள் அதை இழுத்துக்கொண்டு, மறுபக்கம் மொறமொறவென்று அனுப்பும். துணியோடு கையும் போய்விடக் கூடாதே என்பதற்காக முன்னால் ஒரு தடுப்புச் சட்டம் உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். கனத்த விரிப்பு பட்டாலும் நின்றுவிடும்! விடுதிகள் எல்லாம் நிரம்பி வழிந்த நேரம் அது. வண்டி வண்டியாக அழுக்குத் துணி. நின்று நின்று ஓடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு வேலை எப்படி முடியும்? தடுப்பு கழன்றது. மறுநாளே அவள் கை மாட்டியது.

பக்கத்தில் நின்றவர் ஓடிவந்து பொத்தானை அடித்ததால் கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை. துணி மடிக்கிற குடும்பத்தில் விரல் மடங்காமல் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மருத்துவமனையிலிருந்தே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தவர் எங்கள் மேற்பார்வையாளர். அவரும் தமிழ் பேசுபவர்தான். அழுகைக்கு நடுவே அவள் சொன்னாள்: "சார், நாமதானே அந்தத் தடுப்பைக் கழட்டினோம்! இப்போ என் கை போச்சே சார்!"

அலுவலகத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். அந்தப் பதிவை அலுவலக மொழியில் பெயர்த்தார்கள். விசாரணையில் படித்தார்கள். என்னவென்று படித்தார்கள்? தானும் சக தொழிலாளர்களும் சேர்ந்து தடுப்பைக் கழற்றியதாக இவரே ஒப்புக்கொள்கிறார் என்று! விரலும் போய், வேலையும் போய், போதாக்குறைக்குப் பழியும் அவள் தலையில்.

வீட்டில் என் கணவர் கேட்டார்: "பதிவு இருக்குதாமே. நீதானே பேசினே?"

"நான்தாண்ணே பேசினேன். ஆனா நான் அப்படிச் சொல்லலைண்ணே!"

"அதுதான் அவங்க எழுதியிருக்காங்களே."

"எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா அப்படிச் சொல்லலை!"

அந்தக் குரல் என்னைத் தூங்க விடவில்லை என்று அலங்காரமாகச் சொல்ல மாட்டேன், நான் நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் அது என் காதிலேயே நின்றது. மறு விசாரணை கேட்கலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். நான் வருகிறேன் என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். வருவேன் என்றால் வருவேன்!

போவது சரி, அங்கே போய் எந்த மொழியில் பேசுவது? அலுவலக மொழியைக் கற்றுக்கொண்டே தீருவது என்று முடிவு கட்டினேன். கைப்பேசியில் தேடினேன். 'மொழியியல் அறிமுகம், இணைய வகுப்பு, தமிழில், இலவசம்.' மொழி என்று இருக்கிறது, அறிமுகம் என்று இருக்கிறது, இலவசம் என்றும் இருக்கிறது, பிறகென்ன? சேர்ந்துவிட்டேன். நடுவில் 'இயல்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். 'நலமா, எவ்வளவு, எந்தப் பக்கம்' என்று சொல்லித் தருவார்கள் எனக் காத்திருந்தால், திரையில் தோன்றிய ஆசிரியை "தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு பம்பரம் என்று சொல்லுங்கள்" என்றார். பேருந்தில் போகும்போது சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். வீட்டில் சொன்னேன். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன, தொண்டை வலியா?"

"பாடம்ங்க."

"பேசற மொழி கத்துக்கப் போறேன்னு சொல்லிட்டு, பம்பரம் பம்பரம்னு சொல்லிக்கிட்டு இருக்கே. தப்பான வகுப்புல சேர்ந்துட்டே போல, விட்டுடேன்."

நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்களேன். கூச்சப்படாதீர்கள், தலைவரே சொல்கிறார்! பம்பரம். முதல் 'ப'வுக்கு உதட்டை மூடும்போது தொண்டை சும்மா இருக்கிறது. 'ம்'மை அடுத்து வரும் 'ப'வுக்கு உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிர்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. என்றைக்காவது மாற்றிச் சொன்னீர்களா? ஒருநாளும் இல்லை. "உங்கள் மொழியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவோ தெரியும். தெரியும் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது" என்றார் ஆசிரியை.

அந்த ஒரு வாசகத்துக்காகத்தான் நான் விடவில்லை. 'நான்தான் பேசினேன், ஆனா அப்படிச் சொல்லலை, எனக்குச் சொல்லத் தெரியலை' என்று ஒருத்தி வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாளே, அவளுக்கும் தெரிந்திருக்கிறது, தெரியும் என்பதுதான் தெரியவில்லை! தப்பாகச் சேர்ந்த வகுப்பாகவே இருக்கட்டும், முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தேன். சோதனைத் தேர்வில் தோற்றேன், திரும்ப எழுதினேன். வேர்ச்சொல்லில் விழுந்தேன், விகுதியில் எழுந்தேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூடத்தின் பின்படிக்கட்டுதான் எனக்குக் கல்லூரி.

ஒருநாள் அந்தப் படிக்கட்டில்தான் ஆசிரியை சொல்லக் கேட்டேன். "கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். இந்த வேறுபாடு எல்லா மொழிகளிலும் கிடையாது. பல மொழிகளில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்."

எழுந்து நின்றுவிட்டேன். மடியில் இருந்த டப்பா பாதிச் சாப்பாட்டோடு படியில் உருண்டது. உருளட்டும்! யாரிடம் பேசினாள் அவள்? மேற்பார்வையாளரிடம். 'நாங்க' என்றாளா? 'நாம' என்றாள்! அந்த 'நாம'வுக்குள் அவளும் உண்டு, கேட்டுக்கொண்டிருந்த அவரும் உண்டு! மொழிபெயர்த்தவர் பொய் சொல்லவில்லை, தாய்மார்களே. அவர் மொழியில் இருந்த ஒரே சொல்லைப் போட்டார். அந்தச் சொல்லின் வழியாக ஓர் ஆள் சத்தமில்லாமல் வெளியே நடந்து போய்விட்டார்!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "ஏன்டி, நீ போன்ல 'நாங்க'ன்னு சொன்னியா, 'நாம'ன்னு சொன்னியா?"

"நாமன்னுதான் அண்ணி. அவரும்தானே இருந்தாரு! ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததே அவர்தானே! விசாரணையில சொன்னேன், பதிவுல அப்படி இல்லைன்னுட்டாங்க. அப்புறம் எப்படி 'நாங்க'ன்னு சொல்ல முடியும்?"

எப்படிச் சொல்ல முடியும்! அதே கேள்வியைத்தான் சுமந்துகொண்டு போனோம். தமிழறிந்த மொழிபெயர்ப்பாளர் விசாரணை அறையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டோம், மறுத்தார்கள். மறுபடி கேட்டோம், மழுப்பினார்கள். மூன்றாம் முறை கேட்டபோது கொடுத்தார்கள். நீள மேசை. ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எதிரே நாங்கள். ஓரத்தில் மேற்பார்வையாளர், கைக்குட்டையும் கையுமாக. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன்.

"சார், டீ குடிக்கக் கிளம்பறேன். உங்களையும் கூப்பிடணும். எப்படிக் கூப்பிடுவேன்?"

அவர் விழித்தார். "நாம டீ குடிக்கப் போலாமான்னு கூப்பிடுவீங்க."

"நாங்க போலாமான்னு கேட்டா?"

"அதெப்படிம்மா? அப்போ என்னைக் கூப்பிடலைன்னுல்ல அர்த்தம்!"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. சிரித்த முகம் அப்படியே நின்றுபோனது. பதிவைப் போடச் சொன்னேன். அறை முழுக்க என் நாத்தனாரின் அழுகுரல்: "நாமதானே கழட்டினோம்!" மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகாரியிடம் விளக்கினார். அதிகாரி மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்த மனிதர் கைக்குட்டையை மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "ஆமாங்க. மேலேயிருந்து அவசரப்படுத்தினாங்க. நாங்க ரெண்டு பேரும்தான் கழட்டினோம்."

கவனித்தீர்களா அவையோரே! அவள் அவரிடம் பேசியபோது 'நாம'வாக இருந்தது, அவர் அதிகாரியிடம் பேசும்போது 'நாங்க' ஆகிவிட்டது. அதிகாரி கழற்றவில்லை அல்லவா! பயத்தில் இத்தனை நாள் வாய் மூடிக் கிடந்த மனிதர், வாய் திறந்தபோது இலக்கணம் பிசகாமல் உண்மை பேசினார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

பழி நீங்கியது. வேலை திரும்பியது. தடுப்புச் சட்டமும் தன் இடத்துக்குத் திரும்பியது. அன்று மாலை அலமாரிக்கு முன்னால் நின்று என் நாத்தனார் ஒரு துண்டோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். மடங்காத விரலுக்கு மூன்று மடிப்பு வரவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்தாள். "அண்ணி, இனிமே நாம இதை எப்படி மடிக்கலாம்?" என்று கேட்டாள்.

நாம! நான் எத்தனை வருடம் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றிருக்கிறேன், தாய்மார்களே! பாடத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. அந்த நேரம் அது ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. துண்டை இரண்டாக மடித்து வைத்தோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு மடிப்புதான்.

ஐயா, மணி அடிக்காதீர்கள், இதோ வந்துவிட்டேன்! கதை முடிந்தது, கடமை முடியவில்லை. எங்கள் கூடத்தில் எத்தனை மொழி பேசுகிறவர்கள் வேலை செய்கிறார்கள்! அந்த மொழிகளில் எந்தச் சொல்லுக்குள் எந்த நுட்பம் ஒளிந்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. தவறி ஒரு வகுப்பில் நான் சேர்ந்ததால்தான் ஒருத்தி தப்பினாள். அடுத்தவரும் என் தவறை நம்பியா இருக்க வேண்டும்? ஆகவே இந்த அவையில் ஒரு தீர்மானம் வைக்கிறேன். எந்தத் தொழிலாளி எந்த மொழியில் வாக்குமூலம் தந்தாலும், அந்த மொழி அறிந்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் சொன்ன சொல், சொன்னபடியே, பெயர்ப்புக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். கொடுக்கும்வரை கேட்போம். மறுத்தால் மறுபடி கேட்போம். மழுப்பினால் மன்றமே போய் வாசலில் நின்று கேட்போம்! நான் அடுத்த வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன், இந்த முறை பெயரை முழுதாகப் படித்துவிட்டுத்தான்!

சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள். அதோ, தூணுக்குப் பக்கத்திலிருந்து முதல் கை. இரண்டு விரல் மடங்காத கை! இனி எந்தக் கை கீழே இருக்கும்? தாய்மார்கள் கை, தோழர்கள் கை, தலைவரின் கை, மணியோடு சேர்த்து! கதவோரம் தயங்கித் தயங்கி ஒரு கை உயர்கிறதே, யாரது? வாருங்கள் மேற்பார்வையாளரே, உள்ளே வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

தீர்மானத்தை எழுதும் செயலாளர் அவர்களே, ஒரு வேண்டுகோள். நிர்வாகத்துக்கு எழுதும்போது 'நாங்கள் கேட்கிறோம்' என்று எழுதுங்கள், இலக்கணம் அதுதான். இந்த அவைக்குப் படித்துக் காட்டும்போது 'நாம் கேட்கிறோம்' என்று படியுங்கள். இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி, வணக்கம். ஐயா, இப்போது மணியை அடியுங்கள். நாம் கிளம்பலாம்.