கடலைப் பார்க்காத கப்பல்காரர்

"எங்கட பூட்டன் வருஷக்கணக்காக் கப்பலில வேலை செய்தவர். ஆனா கடலைக் கண்டது குறைவு."

பாபகூரா என்ற புறநகரிலிருந்து துறைமுக நகருக்குப் போகும் ரயிலில், எனக்கு எதிரே இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் இப்படிச் சொன்னதும் நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன். அவர் காலடியில் பெரிய பயணப்பை. பக்கத்தில், மருத்துவமனைச் சீருடையில் ஒரு தமிழ்நாட்டுத் தோழி.

"பூட்டன்னா யாருக்கா?"

"அப்பாவின்ர தாத்தா. நீராவிக் கப்பலின்ர அடித்தளத்தில நிண்டு அடுப்புக்குக் கரி போட்டவர்."

"அய்யோ, பாவம்."

"என்ன பாவம்? கரியைக் கண்டபடி கொட்டினா புகைபோக்கி கறுப்பாக் கக்கும். கரியும் வீண், கப்பலும் மெதுவாப் போகும். கொஞ்சம் கொஞ்சமா, அடுப்பு முழுக்கப் பரவி விழுகிற மாதிரி எறியோணும். புகை மெல்லிசாப் போனா, மேல நிக்கிற கப்டன் அதைப் பார்த்தே, 'இப்ப கீழ நிக்கிறது அவன்தான்' எண்டு சொல்லுவாராம்."

தோழி சிரித்தார். பிறகு அந்தப் பையைப் பார்த்தார்.

"சரிக்கா, நீங்க இன்னைக்கு எஞ்சினியரா ஏறப்போற சரக்குக் கப்பல்ல, எஞ்சின் ரூமுக்கு ஜன்னலாவது இருக்கா?"

"இல்லை."

"வேலை நேரம் பூரா கடலே தெரியாதா? எப்படிக்கா இருப்பீங்க?"

கடைசி நிலையம் வந்துவிட்டது. அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கடலைப் பார்க்கிறதுக்குப் பயணிகள் ஏறுவினம். எங்கட ஆக்கள் கப்பலை ஓட்டுறதுக்கு ஏறுறவை."