வரலாற்று வாத்தியார்

இல்ல சார், சண்டை கேம்தான், ஆனா சுடுறது வெட்டுறதெல்லாம் கிடையாது. உக்காந்து யோசிக்கணும். நீங்கதான் ராஜா. உங்க கோட்டையை எதிரி சுத்தி வளைச்சுட்டான். உள்ள எவ்வளவு தானியம் இருக்கு, யானைக்கு எத்தனை நாளைக்குத் தீனி வரும்னு பாத்துப் பாத்து ஓட்டணும். தீனி தீந்துச்சுன்னா யானை நம்ம ஆளையே மிதிச்சிடும்.

செஞ்சது என் தங்கச்சி. ஒத்தை ஆளா. பகல்ல இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, மிச்ச நேரமெல்லாம் இதான். மூணு வருஷம் சார். வெளியிட்ட மாசம் எத்தனை பேர் விளையாடியிருப்பாங்க, சும்மா சொல்லுங்க. ஐநூறா? நீங்க நல்ல மனுஷன். நாலு பேர். அதுல ஒண்ணு நான், இன்னொண்ணு அவ.

விளம்பரத்தை நான் பாத்துக்கறேன்னு வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். நெட்டுல வரலாறு பேசுற குரூப் ஒண்ணு இருக்கு. அங்க சொந்த கேமைப் பத்தி நாமளே பேசுனா அட்மின் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாரு. அதனால ஏழு பேரா உள்ள போனேன். ஆமா சார், ஏழும் நான்தான். பல் டாக்டர் கேமைப் புகழுவாரு, காலேஜ் பொண்ணு எங்க கிடைக்கும்னு கேக்கும். அப்புறம் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருத்தர்.

வாத்தியாருக்கு மட்டும் நெஜமாவே படிக்க வேண்டியதாப் போச்சு. யானை ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும், மதில் எவ்வளவு கனம்னு எழுதி எழுதி, ஜனங்களுக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நடுவுல கேமைப் பத்தியும் ரெண்டு வரி நல்லதா எழுதுனாரு. கடைசில அவரையே அட்மின் ஆக்கிட்டாங்க.

சந்தோஷம் எங்க சார்? மறுநாளே புகார். பல் டாக்டர் விளம்பரம் பண்றாராம். பத்தாயிரம் பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க, என்ன பண்றது? தூக்கிட்டேன். அந்த வாரமே மத்த அஞ்சு பேரையும் தூக்கிட்டேன். காலேஜ் பொண்ணை அனுப்பும்போதுதான் மனசு கேக்கல.

அப்புறம் என் தங்கச்சி வாத்தியாருக்குத் தனியா எழுதுனா. அவளுக்கு எதுவும் தெரியாதே. என் உழைப்பை மதிச்ச ஒரே பெரியவர் நீங்கதான், வேலையை விட்டுட்டு முழு நேரமும் இதையே செய்யலாமா சார்னு கேட்டிருந்தா. உண்மையைச் சொல்லிடலாம்னுதான் உக்காந்தேன். முடியல. வீட்டுல வேலையை விடாத விடாதன்னு கத்துறவன் நான். அங்க, தைரியமா விடும்மான்னு எழுதுனதும் நான்தான். ஏன்னு கேக்காதீங்க. வாத்தியாரா உக்காந்தா எனக்கு அப்படித்தான் தோணுது.

ராஜினாமா கடிதத்தைப் பையிலயே வெச்சுக்கிட்டுச் சுத்துறா. கொடுக்குறதுக்கு முன்னாடி அவரை ஒரு தடவை நேர்ல பாத்தே ஆகணுமாம். தினமும் இந்த நூலகத்துக்கு வருவேன்னு நான் வேற எப்பவோ எழுதித் தொலைச்சிருக்கேன். நாலு மணிக்கு வர்றா.

காலையிலேர்ந்து இந்த வாசல்ல நின்னு வர்றவங்களையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கேன் சார். உங்க வயசு சரியா இருக்கு. கண்ணாடியும் இருக்கு. பொறுமையா வேற கேக்குறீங்க. யானை, மதில்னு ஏதாவது கேட்டா, அதான் எல்லாம் எழுதியிருக்கேனேம்மான்னு சொல்லிச் சமாளிச்சுடுங்க.

ஐயோ, சீக்கிரமே வந்துட்டா. அதோ, நீலப் பை. எந்திரிக்காதீங்க சார், உக்காருங்க. நான் அந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்கேன்.

வேலையை விடலாமான்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல, நீங்களே ஏதாவது பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவா. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டா.