சந்துக்குள் ஆறடி நகர்ந்த கல்

மனு விசாரணைக்காக 27.02.2025 வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மதுரை பட்டறைக்காரச் சந்து, கதவு எண் 14-இல் வசிக்கும் காலஞ்சென்ற முகமது அனீபா மகள் சாதிகா, வயது 44, உதவி ஆய்வாளர் முத்துமீனா முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்கண்ட முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் தைத்துக் கொடுப்பது என் தொழில். விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் திங்களும் வியாழனும் கட்டு வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு வயதில் போலியோ வந்து என் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். அதை முன்னறை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவதற்காக என் அத்தா உயிரோடு இருந்தபோதே வாசலில் ஒரு சிமெண்ட் சாய்தளம் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் அதைச் சறுக்கு என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

கடந்த ஜனவரி 27-ஆம் தேதி எங்கள் சந்தில் பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் பேவர் பிளாக் கல் பதிக்கும் வேலை தொடங்கியது. அன்றைக்கே சறுக்கையும் உடைத்துவிட்டார்கள். வேலை நடக்கும்போது பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு பிப்ரவரி 8-ஆம் தேதி கல் பதித்து முடித்தார்கள். தெரு முக்கால் அடி கீழே இறங்கியதால் இனி மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் என் வாசல் தெருவிலிருந்து ஓரடி இரண்டு அங்குலம் உயரத்தில் நின்றது. வண்டி உள்ளே, நானும் உள்ளே.

மேற்பார்வையாளர் பாண்டியராஜனைக் கூப்பிட்டுச் சறுக்கு எப்போது என்று கேட்டேன். "ரெண்டே நாளுக்கா, போட்டுத் தாரோம்" என்றார். அதன் பிறகு இரண்டாவது முறை கேட்டபோதும் அதே ரெண்டே நாள்தான். மூன்றாவது முறை, "எஸ்டிமேட்ல இல்லையேக்கா, நான் என்ன செய்ய?" என்றார். இடையில் 9-ஆம் தேதி என் தோழி அப்சானாவின் மகளுக்கு நெல்பேட்டையில் நிக்காஹ் நடந்தது. மணப்பெண் சேலைக்கு ஓரம் தைத்தது நான்தான். சேலை போனது, நான் போகவில்லை. சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் முகமது யாசீன் அன்று காலையில் வந்து, "அக்கா, நாலு பேரு சேந்து அலாக்காத் தூக்கி எறக்கி விட்டுர்றோம், வாங்க" என்றான். அதற்கு நான், "மவுத்தான பிறகு நாலு பேரு தூக்குங்கடா. அது வரைக்கும் நானே போய்க்கிருவேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய பிறகு அழுதேன்.

இந்த வேலையில் கருப்பு என்கிற கொத்தனார் இருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், அலங்காநல்லூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வெயில் நேரத்தில் என் வீட்டு ஜன்னலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். எங்கள் சந்து முடிந்து அடுத்த சந்தில் வேலை நடந்தபோதும் வந்து குடித்தார். 14-ஆம் தேதி செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, என் சுவரோரம் கிடந்த மீதிக் கல்லைக் காட்டி, "இம்புட்டுக் கல்லு சும்மா கெடக்கு தாயி. ஒரு நாள் வேல. நீங்க சரின்னா ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார். நான், "எடுத்துப் போடுங்கண்ணே. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று சொன்னேன். இந்த வார்த்தைக்காகத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

அதன்படி 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கரண்டியும் ரசமட்டமும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். சிமெண்டும் மணலும் நான் போன் செய்து வரவழைத்தவை, ரசீது இருக்கிறது. பலகையைச் சாய்த்து வைத்து வண்டியை இறக்கிப் பார்க்கச் சொன்னார். முதலில் வைத்த சாய்வில் வண்டி மூக்குக் குத்தியது. "யா அல்லாஹ்" என்று கத்திவிட்டேன். அவர் பதறாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பச் செங்குத்தா இருக்கு, நீட்டிப் போடணும்" என்றார். பிறகு சுவரை ஒட்டியே ஒன்பது அடி நீளத்துக்கு, தெருவில் போகிற ஆளுக்கும் வண்டிக்கும் இடைஞ்சல் இல்லாமல் போட்டார். டயர் வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரி கீறினார். கூலி என்ன என்று கேட்டதற்கு, இடியாப்பம் இன்னும் இரண்டு இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கடைசியாக ஓரத்தில் ஆணியால் 16.2 என்று எழுதினார். கலவை போட்ட தேதியை இப்படி எழுதி வைப்பது கொத்தனார்களின் வழக்கம் என்றும், எத்தனை நாள் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று மறக்காமல் இருக்கத்தான் என்றும் சொன்னார். ஏழு நாளைக்கு வண்டியை இறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இருபது நாள் உள்ளே கிடந்தவளுக்கு மேற்கொண்டு ஏழு நாள். வாசலில் உட்கார்ந்து, நனைந்த சாக்கின் மேல் வேளைக்கு ஒரு குடம் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு 23-ஆம் தேதி காலையில் வண்டியில் ஏறி இறங்கினேன். சந்து முனை வரைக்கும் போய், வேலை ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து, மறுபடியும் போனேன்.

யாசீன் எங்கள் சந்துக்கு என்று வாட்ஸ்அப் குழு ஒன்று நடத்துகிறான். தண்ணீர் வரும் நேரம், மவுத்துச் செய்தி, காணாமல் போன சாவி எல்லாம் அதில் வரும். சந்தில் என்ன நல்லது நடந்தாலும் படத்தோடு நன்றி போடுவான். நன்றி சொன்னால்தான் அடுத்த வேலை நடக்கும் என்பது அவன் கணக்கு. 16-ஆம் தேதி அவன் திண்டுக்கல்லில் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தான். அதனால் சறுக்கைப் போட்டது யார் என்று அவனுக்குத் தெரியாது, என்னிடம் கேட்கவும் இல்லை. நான் வண்டியில் இறங்குவதைப் படம் எடுத்து, "அல்ஹம்துலில்லாஹ்! சாதிகா அக்கா வீட்டுக்குச் சாய்தளம் அமைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரருக்கும் பாண்டியராஜன் அண்ணனுக்கும் சந்துவாசிகளின் நன்றி" என்று போட்டுவிட்டான். நூற்றுப் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்தப் படம் ஒப்பந்ததாரர் வரைக்கும் போயிருக்கிறது. யாரைக் கேட்டுப் போட்டாய் என்று அவர் பாண்டியராஜனைச் சத்தம் போட்டிருக்கிறார். அதன் பிறகு 24-ஆம் தேதி பாண்டியராஜன் டேப்போடு வந்து அளந்தார். ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். அந்த 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடையாது. ஆட்களை வரிசையாக நிறுத்தி யார் எழுத்து என்று கேட்டதற்கு, "என் எழுத்துதான்" என்று கருப்பு அண்ணன் சொல்லியிருக்கிறார். அன்றோடு அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, கல் திருட்டு என்றும், சறுக்கு ஆக்கிரமிப்பு என்றும், அதை இடிக்க வேண்டும் என்றும் மனு கொடுத்திருக்கிறார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பிறகு நான் கேட்டேன். "எழுதி வச்சுட்டு எப்பிடி இல்லேன்னு சொல்ல?" என்றார்.

யாசீன் கடையைச் சாத்திவிட்டு வந்து, "நல்லது நெனச்சுத்தான்க்கா போட்டேன்" என்று நின்றான். "நன்றி சொல்றதுக்கு முன்னாடி யாருக்குன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியாடா?" என்று கேட்டேன். எனக்கு அம்புட்டுக் கோபம். ஆனாலும் இன்று என் வண்டிக்குப் பின்னாலேயே கடைப் பையனைப் போல நடந்து வந்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல விரும்பவில்லை.

கல்லைப் பற்றிச் சொல்கிறேன். அரைக்கல் இருபத்தாறு, முழுக்கல் ஒன்பது. அத்தனையும் என் சுவரோரம் கிடந்தவை, அத்தனையும் இப்போதும் அதே சந்தில்தான் இருக்கின்றன. கிடந்த இடத்திலிருந்து ஆறடி நகர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். எடுக்கச் சொன்னது நான். கருப்பு அண்ணன் ஒரு கல்லைக்கூட ஊருக்குக் கொண்டு போகவில்லை. திருட்டு என்று எழுதுவதானால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சறுக்கை இடிக்கத்தான் வேண்டும் என்றால், இடிக்க வருகிற நாளை முன்கூட்டியே எனக்குச் சொல்ல வேண்டும். அன்று வண்டியை இறக்கிக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிடுவேன். இன்னொரு முறை உள்ளே அடைபட மாட்டேன்.

இந்த வாக்குமூலம் நிலையத்துக்குள் எழுதப்படவில்லை. வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன. உதவி ஆய்வாளர் அம்மா, நாலு பேரை விட்டுத் தூக்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். யாசீனிடம் சொன்ன பதிலையே மரியாதையாகச் சொன்னேன். அதன் பிறகு அவரே நாற்காலியை வெளியே எடுத்து வந்து, வேப்பமரத்தடியில் என் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடிக்கும் நேரத்தில், விசாரணைக்கு வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்த கருப்பு அண்ணன் அந்தப் படிகளைச் சாண் போட்டு அளந்துவிட்டு வந்து, "இதுக்குப் பதினாறு அடி வேணும் தாயி" என்றார். சும்மா இருங்கண்ணே என்றேன். இதையும் எழுத வேண்டுமா என்று அம்மா கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

எழுதியதை மரத்தடியிலேயே படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சாதிகா
நிலையத்தின் முதல் படிக்குக் கீழே, வண்டியில் இருந்தபடி